பச்சை நூல் கட்டிய வயர்

என் உயிருக்கு உயிரான வாப்பாவுக்கு,

ஸலாம். அல்லாஹ் நீங்கள் உறங்கும் கபுறை வெளிச்சமாக்கி வைக்கட்டும். நானும் இன்று ஒரு வெளிச்சத்தைப் பற்றித்தான் உங்களிடம் கதைக்க வந்திருக்கிறேன். தபால் போகாத இடத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று மருதமுனையில் நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு மண்டபச் சுவரில் மீற்றருக்குக் கீழே நீங்கள் அடித்து வைத்திருந்த மின்சாரப் போட்டைக் கழற்றிவிட்டோம். சூறாவளியில் விழுந்த நம் வேப்பமரத்தை அறுத்து, பலகையாக்கி, அதில் வெள்ளைப் பீங்கான் பியூஸ்களை வரிசையாகப் பூட்டினீர்களே, அதே போட்டுத்தான். கோபிக்காதீர்கள். கழற்றியவர் வெளியாள் இல்லை. நீங்கள் கண்ணால் காணாத உங்கள் சின்ன மருமகன்.

ஓம், தங்கச்சி நஸீறாவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் பாறூக். ஊர் சாய்ந்தமருது. சவூதியில் வயரிங் வேலை செய்துவிட்டு வந்தவர். எனக்கு அடுத்த வளவில் வீடு கட்டித் தந்தபோதே பெரிய வீடு நஸீறாவுக்கு என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். அந்தச் சொல் நிறைவேறியது. நம் வழக்கப்படி மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருக்கிறார். உம்மாவை மாமி என்றும் என்னை அக்கா முறையில் ராத்தா என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிறார்.

அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விருந்துக்கு உட்கார்ந்தவர் முன்னால் இருந்த சஹன் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி வந்தது, இறைச்சி வந்தது, வட்டலப்பம் வந்தது. மனிதர் உங்கள் போட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று உம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. கை கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார், இந்த மண்டபத்தில் எப்போதும் பலகை கருகிய மணம் இருக்குமா என்று. எங்களுக்கு அது வீட்டு மணம். அது கருகல் என்று அவர் சொன்ன பிறகுதான் என் மூக்குக்கே தெரிந்தது.

சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்த அன்று அயலில் உள்ள பெண்டுகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ரேடியோவாக இருக்கும், கிரைண்டராக இருக்கும் என்று ஆளுக்கொரு கணக்கு. உள்ளே இருந்தது ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அதற்குள் சின்னச் சின்னச் சுவிச்சுகள். கரண்ட் எங்காவது கசிந்தால் கண் இமைக்கும் முன் தானாக விழுந்து வீட்டையே நிறுத்திவிடும் சுவிச் ஒன்றும் அதில் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு மட்டும் ஆசை பொறுக்கவில்லை. அது எப்படி வாப்பா, ஒரு பெட்டிக்குக் கசிவது தெரியும்? அவர் விளக்கினார். பாதி விளங்கியது. மீதிப் பாதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கை வைத்த சாமான், அது இருந்த இடத்தில் இருக்கட்டும் என்றார். பாறூக் எதிர்த்துப் பேசவில்லை. தறிக்கொட்டிலுக்குப் போகும் பியூஸைக் கழற்றி, அதன் பின்னால் பலகை கரியாகியிருந்ததை உம்மாவிடம் காட்டினார். அதில் நீங்கள் செம்பு இழையை இரட்டையாகப் போட்டிருந்தீர்கள். பியூஸ் என்றால் பாரம் கூடும்போது அது போகத்தான் வேண்டும், இது போகாமல் இருந்ததால் பலகை சுட்டிருக்கிறது என்றார். உம்மா பார்த்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

உடனே கழற்றுவதில்லை, முதலில் எந்த வயர் எங்கே போகிறது என்று படிக்க வேண்டும், பிறகு கரண்ட் ஒபீஸில் எழுதிக்கொடுத்து அவர்கள் வந்து கரண்டை வெட்டிய பிறகுதான் மற்ற வேலை என்று பாறூக் சொன்னார். ஆகவே அன்றைக்குப் படிப்பு மட்டும்தான். மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு, காய்ந்த பலகை ஒன்றின் மேல் ரப்பர் செருப்போடு நின்று, உங்கள் போட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்கு இழுத்தார்.

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கல்லெறி வாங்கியவர் மாதிரி நின்றார். "ராத்தா, இதென்ன தறியா, போட்டா?" என்று கேட்டார்.

வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல் முடிச்சு. ஊதா, மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை. தறிப் பாவில் இழை அறுந்தால் முடிவோமே, அதே நெசவாளி முடிச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எத்தனை வருடம் இதே மண்டபத்தால் நூலைத் தூக்கிக்கொண்டு போய் வந்தேன். இந்தப் பலகைக்குப் பின்னால் நீங்கள் இப்படி ஒரு வேலை செய்து வைத்திருப்பது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது? அடுப்பில் உலை கிடந்தது. நஸீறாவை அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் பாறூக்குக்குக் கையாளாகிவிட்டேன். மெயினை இறக்கி ஒரு பியூஸைக் கழற்றுவார், மெயினை ஏற்றுவார். எது எரியவில்லை என்று நான் வீடு முழுக்க ஓடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஓட முன்னமே நான் விடை சொல்லத் தொடங்கினேன். ஊதா, தறிக்கொட்டில். நீங்கள் இந்தப் போட்டை அடித்த வருடம் ஊதாச் சாறனுக்குத்தான் ஊரெல்லாம் கேள்வி. மஞ்சள், குசினி. சமையலுக்கு மஞ்சள்தானே, விளக்கம் தேவையில்லை. நீலம், கிணற்றடி. வெள்ளை, மண்டபம். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. பாறூக் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். உங்களோடு விடுகதை போட்டு வெல்வது மாதிரி இருந்தது எனக்கு.

உம்மாவின் அறையை மட்டும் நாங்கள் சோதிக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, அவர் கோபத்தில் இருந்தார். மண்டபத்தோடு ஒட்டிய அறைதானே, அதுவும் வெள்ளையோடுதான் சேர்ந்திருக்கும் என்று நாங்களே தீர்ப்பெழுதிவிட்டோம். உம்மாவின் கோபத்துக்குப் பயந்து ஒரு கதவைத் தட்டாமல் விட்டோம் வாப்பா. நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

மிச்சம் இருந்தது பச்சை. அதற்குப் பியூஸும் இல்லை. போட்டின் பின்பக்கத்தால் வந்து மேலே போயிருந்தது. அதைப் பற்றிப் பாறூக்குக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உலகம் முழுக்க சிவப்பு கரண்ட் வருவதற்கு, கறுப்பு திரும்பிப் போவதற்கு, பச்சை மண்ணுக்கு, அதாவது எர்த்துக்கு. மண்ணுக்குப் போகும் வயருக்குப் பியூஸ் இருக்காது. மாமா இதில் மட்டும் சட்டப்படி நடந்திருக்கிறார் என்று உங்களை மெச்சினார். மெயினை மறுபடி இறக்கிவிட்டார். அந்த வயரைக் கொஞ்சம் சீவிப் பார்த்து, பழுதில்லாவிட்டால் புதுப்பெட்டியின் உடம்போடு சேர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இடது கையை உள்ளே நீட்டினார்.

"தம்பி, நில்லுங்க. அது மண்ணுக்குப் போறதில்ல" என்றேன்.

எனக்கு மின்சாரம் தெரியாது. உங்களைத் தெரியும். பச்சை நூலில் கால்மிதி நெய்ய ஒருவர் ஓடர் கொண்டு வந்தபோது அந்த மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள். அறுந்த பச்சைத் துணுக்கைக்கூடக் குப்பையில் போட விடாமல் பொறுக்கி எடுத்து வைப்பீர்கள். பள்ளிவாசல் கொடிக்கும் கபுறுப் போர்வைக்கும் நெய்கிற நிறம் அது. கிணற்றடிச் சேற்றில் நாங்கள் கால் கழுவுகிற இடத்தில் புதைகிற வயருக்கு நீங்கள் பச்சை நூலைக் கட்டுவீர்களா? செத்தாலும் கட்டமாட்டீர்கள்.

பாறூக் சிரித்தார். ஆனால் கை நின்றது. ராத்தாவின் மனம் நோகக்கூடாது என்று சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, வயரில் ரப்பர் உதிர்ந்த இடத்தில் வைத்தார். முற்றத்து வெயில் நேரே மண்டபத்துக்குள் அடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பாத்தீங்களா, செத்த வயர் என்றார். நான் முக்காட்டை இழுத்து அவர் கைக்கு மேலே நிழல் பிடித்தேன்.

டெஸ்டருக்குள் சின்னக் கங்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

பாறூக் கையை எடுத்து, பின்னால் வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். மெயின் சுவிச்சின் பிடி கீழேதான் கிடந்தது. வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. அந்த ஒரு வயரில் மட்டும் இருந்தது. நஸீறா அப்போதுதான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்தாள். ஏன் உங்கட முகம் வெளுத்துக் கிடக்கு என்று அவரிடம் கேட்டாள். அவள் கையின் மருதாணி இன்னும் அழியவில்லை வாப்பா. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் நடக்கவிருந்தது எனக்கு உறைத்தது. ஒரு நூல் முடிச்சு என் தங்கச்சியை விதவையாக்கி இத்தாவில் உட்கார வைத்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், நீங்கள் மௌத்தான பிறகு முதன்முதலாக வந்த கோபம்.

வயரைத் தொடாமல், கண்ணால் பிடித்துக்கொண்டு போனோம். மெயின் சுவிச்சுக்குள் கரண்ட் வந்து நுழைகிற இடத்திலேயே, சுவிச்சுக்கு முன்னால், நீங்கள் அதைக் களவாகச் சேர்த்திருந்தீர்கள். அங்கிருந்து முகட்டுக்கு ஏறி, கூரைச் சிலாகை ஓரமாகப் போய், உம்மாவின் அறைக்குள் இறங்கியது. கதவைத் தட்டினோம். திறந்தார். சுவிச்சைப் போட்டோம். வீட்டில் ஒரு லைட்டும் எரியாத நேரத்தில், உம்மாவின் ஓதல் மாடத்துக்கு மேலே இருந்த பல்ப் மட்டும் எரிந்தது.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு உம்மா குர்ஆனை விரித்து யாசீன் ஓத உட்காருவார். உங்களுக்கும் அந்த நேரம்தான் போட்டைக் கிளற வேண்டும். புது பேன், புது பிளக், ஏதோ ஒன்று. மெயின் விழும், வீடு இருண்டுவிடும். உம்மா உள்ளே இருந்து ஏசுவார், மனிசனை ஓத விடாமல் லைட்டை நூக்கிறீங்களே என்று. நாள் தவறாமல் நடந்த அந்தச் சண்டை ஒருநாள் நின்றுபோனது. உம்மா அலுத்துவிட்டார் என்று நினைத்தேன். நீங்கள் பச்சை நூலைக் கட்டியிருக்கிறீர்கள்.

உம்மா எரிகிற பல்பையும் பாறூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பாறூக் நடந்ததைச் சொன்னார். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"அப்ப, மகன், அவரு மெயின நூத்துப்போட்டுக் கைய உட்ட நேரமெல்லாம் இது உசிரோடயா இரிந்த?" என்று உம்மா கேட்டார்.

"ஓம் மாமி. அவர்ர விரலுக்கும் அதுக்கும் நாலு அங்குலம் இரிந்திரிக்காது."

உம்மா அன்று பகல் சோறு தின்னவில்லை. பின்னேரம் பாறூக்கைக் கூப்பிட்டு, எல்லா வயரையும் எப்படிச் சேர்க்கிறீங்களோ, என்ட அறையையும் அப்படியே சேருங்க, எனக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஒபீஸில் எழுதிக்கொடுத்தோம். அவர்கள் வந்து, மீற்றருக்கும் முன்னாலேயே கரண்டை வெட்டிவிட்டுப் போனார்கள். அப்போதும் பாறூக் ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், பச்சையில் இரண்டு தரம். நான் ஒவ்வொரு தரமும் முக்காட்டால் நிழல் பிடித்தேன். பிறகுதான் வெறுங்கை உள்ளே போனது.

அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் உதிர்ந்த வயர்களை எல்லாம் உருவிப் போட்டார். புது வயர்கள் பாவு ஓடின மாதிரி ஒன்றோடொன்று குறுக்கிடாமல் போயின. வளைகிற இடத்தில் எல்லாம் ஒரே வளைவு. உங்கள் பலகையின் அடியில் மண்ணிறத்தில் ஒரு முடிச்சுக் கிடைத்தது. அதுதான் மண்ணுக்குப் போன வயர். மண்ணுக்கு மண்ணிறம்! உங்கள் கணக்கு உங்களுக்கு. ஆனால் அது போய்ச் சேர்ந்த குழாய் துருப்பிடித்து அரைவாசிதான் மிச்சம் இருந்தது. கிணற்றடியில் புதுக்குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கித் தண்ணீர் ஊற்றினோம். அதற்குப் போன புது வயர் பச்சை. நான் முகத்தைச் சுளித்ததைப் பாறூக் கண்டுவிட்டார். மண்ணுக்குப் போகிற வயர்தான் ராத்தா உசிரக் காப்பாற்றுகிறது, அதற்குப் பச்சை தகும் என்றார். இந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்குமா? எனக்குப் பிடித்தது.

பெட்டிக்குள் எந்தச் சுவிச் எதற்கென்று நான்தான் தமிழில் எழுதி ஒட்டினேன். தறிக்கொட்டில், குசினி, கிணற்றடி, மண்டபம், உம்மா. ஒபீஸ்காரர்கள் திரும்ப வந்து சோதித்து, கரண்டைத் தந்துவிட்டுப் போக மஃரிப் ஆகிவிட்டது. கசிவுச் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்க்க அதில் ஒரு பொத்தான் உண்டு. வீட்டு லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாறூக் அதை அமுக்கினார். டக்கென்று விழுந்தது. வீடு முழுக்க இருட்டு. உம்மாவின் அறையும் இருட்டு.

ஆனால் உம்மாவின் குரல் நிற்கவில்லை வாப்பா. யாசீனை ஓர் எழுத்துத் தடங்காமல், ஒரு மூச்சுத் தடுமாறாமல், அந்தக் கும்மிருட்டில் ஓதிக்கொண்டே போனார். பாறூக் சுவிச்சை ஏற்ற மறந்து நின்றார். ஓதி முடித்து, துஆக் கேட்டு, முகத்தில் கையைத் தடவும் வரைக்கும் நாங்கள் இருட்டிலேயே நின்றோம்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பார்க்காமல் பாடமாக ஓத முடியுமென்றால், லைட்டை நூக்கிறார் என்று வாப்பாவை ஏன் நாள் தவறாமல் ஏசினீர்கள்?

"ஓதுறதுக்கு எனக்கு லைட் என்னத்துக்கு புள்ள? அந்த மனிசன் போட்டுக்குள்ள கைய உட்டா என்ட நெஞ்சு நடுங்கும். பயமா இரிக்கி எண்டு சொன்னாச் சிரிப்பாரு. ஓத ஏலாம இரிக்கி எண்டு சொன்னா, அல்லாவுக்குப் பயந்தாவது கைய எடுப்பாரு எண்டு நெனச்சன்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "லைட் நூராம வந்த நாளையில இரிந்து எனக்கு ஏச ஒரு சாட்டும் இல்லாமப் போயித்து" என்றார். அப்போதுதான் அழுதார். உங்களை அடக்கிவிட்டு வந்த அன்றுகூட இப்படி அழவில்லை.

இதை உங்களிடம் எப்படிக் கேட்பது? அவர் பயந்ததை நீங்கள் ஒரு நாளும் கண்டுகொள்ளவில்லையா? வெளிச்சம்தான் வேண்டுமாக்கும் என்று நம்பி, எத்தனை மஃரிபுக்கு அந்த உயிருள்ள வயருக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தீர்கள்? உங்களைக் கொண்டுபோனது நெஞ்சு நோவு. அதுவரை இந்தப் பச்சை வயர் உங்களைத் தொடாமல் விட்டதற்கு நான் யாரிடம் நன்றி சொல்வது? அந்த அல்லாஹ்விடம்தான். உங்கள் மேல் வந்த கோபம் போய்விட்டது வாப்பா. உம்மா நாள் தவறாமல் ஏசியது உங்கள் உயிரைக் கேட்டு என்பது தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்களே என்ற துக்கம் மட்டும் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் உயிரோடு இருக்கும் மட்டும் இந்தப் பெட்டிக்குள் கை வைக்கிறவர் யாராக இருந்தாலும், டெஸ்டர் வைத்து நான் நிழல் பிடித்துப் பார்த்த பிறகுதான் வைப்பார். நஸீறாவுக்கும் பாறூக்குக்கும் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லிக்கொள்ளுங்கள், வேறு சாட்டுச் சொல்லாதீர்கள் என்று. உங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. ஆகையால் நான் சொல்கிறேன்: உம்மாவுக்கு வேண்டியிருந்தது நீங்கள் மட்டும்தான்.

பச்சைக்காக வழக்குப் பேசி வென்ற,
உங்கள் மூத்த மகள்
ஹமீதா